பூச்சட்டி ஒட்டிய சிடி

அக்கா வீட்டு லேப்டாப்பின் பக்கவாட்டில், மூடிய உதடு மாதிரி நீளமாக ஒரு கீறல் உண்டு. சிடியை அதில் பாதி நுழைத்தால் போதும், மிச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். உள்ளே சிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், லேப்டாப்பைத் திறந்தவுடன் அந்தக் கீறலுக்குள்ளிருந்து 'கர்ர்ர்... டக், டக்' என்று ஒரு சத்தம் வரும். அச்சு மிஷினில் தாள் சிக்கினால் வருகிற சத்தம் மாதிரியே இருக்கும். முதல் தடவை கேட்டபோது நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். சிவகாசி அச்சாபீசில் கட்டிங் மிஷினில் நிற்கிறவன் கை அப்படித்தான் பழகியிருக்கும். என் சுட்டுவிரல் நுனி ஏற்கெனவே ஒரு மிஷினுக்குப் போயாகிவிட்டது.

அக்கா மகள் சிரித்தாள். "பயப்படாதீக மாமா. வயித்துல ஏதும் கெடக்கான்னு தடவிப் பாக்குது, அம்புட்டுத்தான்."

அத்தான் குவைத்தில் ஸ்டோர் கீப்பர். அவருடைய ஆபீசில் வேண்டாம் என்று ஒதுக்கிய லேப்டாப்பை ஒரு லீவில் கொண்டுவந்தார். இப்போது கடையில் விற்கிற எதிலும் இந்தக் கீறல் கிடையாது. அக்கா மகள் நர்சிங் படிக்கிறாள், அவளுடைய பாடமெல்லாம் இதில்தான். நான் எட்டாம் வகுப்போடு ஓடிப்போனவன். தீப்பெட்டி ஆபீஸ், லாரி, கேரளத்தில் ரப்பர் தோட்டம், திருப்பூர், நடுவில் கொஞ்ச காலம் எதுவுமில்லாமல் ரயில் நிலையங்கள் என்று சுற்றிவிட்டு, போன மழைக்காலத்தில் சாத்தூரில் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றேன். அக்கா எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தாள்.

கேட்டிருந்தாலும் சத்தமாகக் கேட்டிருக்க மாட்டாள். கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் செய்தபோது அக்காவுக்குக் குரல் போய்விட்டது. அடியோடு போகவில்லை. வாயருகே காதைக் கொண்டுபோனால் காற்று மாதிரி வார்த்தைகள் வரும். அவள் சர்ச் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். குரல் போனதற்காக வேலையை விடவில்லை. கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறாள். ஒரு ஊதல் என்றால் உட்கார், இரண்டு என்றால் புத்தகத்தை எடு. அந்த ஆபரேஷன் நடந்தபோது நான் கோட்டயம் பக்கம் இருந்தேன். தகவல் வந்தது. போகவில்லை. போகாததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

குரல் இருந்த காலத்தில் அக்கா சர்ச்சில் பாடுவாள். ஒரு தடவை பாடகர் குழுவில் இருந்த ஒருவர் மைக்கும் பெட்டியும் கொண்டுவந்து, ஆளில்லாத மத்தியான நேரத்தில் சர்ச்சுக்குள்ளேயே அவளைத் தனியாகப் பாடவைத்துப் பதிவு செய்தார். ஏழெட்டுப் பாட்டு. அதை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார். அவர் பிறகு ஊரைவிட்டுப் போய்விட்டார். அக்காவின் குரல் என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சிடிதான். பைபிளுக்குப் பக்கத்தில், வெள்ளைத் தாள் உறைக்குள் இருக்கும். அக்கா அதைப் போட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் ஊரில் இல்லாத வருஷங்களில் அவள் பாடிய பாட்டுகள் அவை. நானும் கேட்டதில்லை.

இதையெல்லாம் அக்கா மகள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "மொதல்ல இதக் காப்பி பண்ணி வெச்சிருவோம் மாமா, லேப்டாப்புல போட்டு பென்டிரைவுல ஏத்திருவோம்" என்றாள்.

நான்தான், "இரு, ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் பண்ணுவோம்" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் லேபிள் இல்லாத பொருளே இருக்காது. ஓரம் பிசகி, கலர் ஏறி, ஆர்டருக்கு ஆகாத தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போவோம். உப்பு டப்பாவில் அணுகுண்டுப் படம், பிள்ளைகளின் நோட்டு அட்டையில் சங்குசக்கரம், தண்ணீர்க் குடத்தின் ஓட்டையைக்கூட வெடிப்பெட்டி ஸ்டிக்கரால் அடைத்த வீடுகளை எனக்குத் தெரியும். ஒரு பொருள் மேல் எதுவும் ஒட்டாமல் வெறுமனே இருந்தால், வேலை முடியவில்லை என்றுதான் எங்கள் கண் சொல்லும். அந்த சிடி மொட்டையாக இருந்தது. அதில் அக்காவின் குரல் இருக்கிறது. அதைப் போய் மொட்டையாக விடுவதா.

அப்போது எங்கள் மிஷினில் பூச்சட்டிப் பட்டாசுப் பெட்டிக்கான லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. தங்கக் கலர்ப் பின்னணியில், சட்டியிலிருந்து பொறி பொறியாகப் பூ எழும்புகிற படம். நல்ல கனமான தாள், அட்டைப்பெட்டியை மழையில் நனைத்தாலும் விடாத பசை. ஒரு வேஸ்ட் தாளை எடுத்து, சிடியையே மேலே வைத்து வட்டம் வரைந்து வெட்டினேன். நடு ஓட்டையைக் கத்தரியால் சுற்றி வெட்டினேன். கொஞ்சம் ஒரு பக்கமாகப் போய்விட்டது. அதனால் என்ன என்று ஒட்டி, விரலால் நன்றாகத் தேய்த்தேன்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். என் காதருகே வந்து, "உள்ள போயி வெடிச்சிராதுலே?" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவளுக்கு என்று செய்த முதல் காரியம் அது.

லேப்டாப் சிடியை இழுத்துக்கொண்டது. சுற்ற ஆரம்பித்ததும் சத்தம் மாறியது. பின்கதவு கொக்கி கழன்ற லாரி மேடுபள்ளத்தில் போகிற மாதிரி தடதடவென்று அதிர்ந்தது. மேசை மேல் இருந்த தம்ளர் நகர்ந்தது. அக்கா மகள் வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தினாள். கீறலுக்குள் தங்கக் கலர் ஒரு நூல் அளவுக்கு எட்டிப் பார்த்தது. அப்படியே நின்றது. பிறகு உள்ளே போய்விட்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. சூடான பசை வாடை வந்தது. எனக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். மிஷின் பக்கம் தினமும் முகர்கிறேன்.

"தட்டு வெளிய வந்து வாங்கிக்கிற டிரைவுல ஸ்டிக்கர் ஒட்டுனாலும் ஓடும் மாமா" என்றாள் அக்கா மகள். "இது ரெண்டு உருளைக்கு நடுவுல இழுக்குறது. கனம் கூடுனாப் போச்சு."

"முன்னமே சொல்ல வேண்டியதுதான?"

"காப்பி பண்ணிட்டு ஒட்டுவோம்னு முன்னமே சொன்னேன்ல?"

அவள் சொன்னதில் தப்பில்லை.

அக்கா லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்து, பிள்ளைகள் உண்டியலைக் குலுக்குகிற மாதிரி குலுக்கினாள். நான் மெல்லிய அட்டையைக் கீறலுக்குள் விட்டுப் பார்த்தேன். அக்கா மகள் போனில் எதையோ படித்து, ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே அணைத்துத் திறந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அக்காதான் லேப்டாப்பை மூடி, மேலே துண்டைப் போட்டாள். "போதும்லே. பரீட்சை வருது, புள்ளை படிக்கணும்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அக்கா மகள் படிக்க உட்காரும்போது அந்தச் சத்தம் வரும். இப்போது தேடுகிற சத்தம் இல்லை. உள்ளே கிடப்பதைச் சுற்றப் பார்க்கும், முடியாமல் தடதடக்கும், வெளியே தள்ளப் பார்க்கும், அதுவும் முடியாமல் டக்கென்று நிற்கும். பிறகு மறுபடி ஆரம்பிக்கும். அவள் படிப்பதற்காகத் திறக்கிறாள், திறக்காதே என்று சொல்ல முடியாது. நான் சிவகாசி பஸ்ஸை முன்னதாகப் பிடிக்க ஆரம்பித்தேன். சத்தம் வருவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட வேண்டும் என்று இருக்கும்.

ஒரு நாள் அக்கா வாசலில் வழிமறித்தாள். விசிலை ஒரு தடவை ஊதினாள். நான் நின்றேன்.

"எங்கலே ஓடுற, கஞ்சி குடிக்காம?"

"லோடு சீக்கிரம் ஏத்தணுமாம்க்கா."

"லோடு ஏத்துற ஆளு நீயா? நீ வெட்டுறவன்தான?" என்றாள்.

அந்த நாட்களில், முன்பு கூட வேலை பார்த்த ஒருவன், சூரத்தில் துணிக்கு லேபிள் அடிக்கிற கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா என்று கேட்டான். எனக்கு வழக்கமான காரியம் அது. ஓர் இடத்தில் எதையாவது கெடுத்துவிட்டால், அல்லது யாரிடமாவது முகம் கொடுக்க முடியாமல் போனால், அடுத்த ஊருக்கு வண்டி ஏறிவிடுவேன். என்னைத் தேடி யாரும் வந்ததில்லை, நானும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. இந்தத் தடவை பையைக்கூட எடுத்து வைத்தேன். ஆனால் போய் இறங்குகிற ஊரிலும் மிஷின் தடதடக்குமே என்று இருந்தது. லேபிள் கம்பெனியில் வேறென்ன சத்தம் கேட்கும்? பைக்குள் வைத்த சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டேன்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன். இப்போது வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். பரீட்சை முடியட்டும் என்றாள். பரீட்சை முடிந்த பிறகும் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, கழுத்தில் ஆபரேஷன் தழும்பு இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்கனயும் அப்படித்தான்லே சொன்னாக. சின்னதாத் தொறப்போம், ஒண்ணும் ஆகாதுன்னு."

உள்ளே அந்த சிடி பத்திரமாக இருக்கலாம். திறந்தால்தான் போய்விட்டதா இல்லையா என்று தெரியும். தெரியாமல் இருக்கிற வரைக்கும் அது அவளுக்கு இருக்கிறது. இது எனக்கு அப்போது புரியவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் அக்கா சேலை மாற்றிக்கொண்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வா, விருதுநகருக்குப் போகலாம் என்று வாயசைத்தாள். என்ன நினைத்து மனம் மாறினாள் என்று தெரியாது. "எம் மக ஒவ்வொரு தடவையும் அதத் தொறக்கும்போது உம் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல" என்று மட்டும் பஸ்ஸில் சொன்னாள். என்ஜின் சத்தத்தில் அவள் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

விருதுநகர் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த மெக்கானிக்கின் கடை. ஆள் குண்டாக, வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார். லேப்டாப்பைத் திறந்ததும் அது கத்த ஆரம்பித்தது. அவர் காதை வைத்துக் கேட்டார்.

"என்னண்ணாச்சி, பரோட்டாவ உள்ள போட்டுட்டீகளா?"

"சிடிதான். ஸ்டிக்கர் ஒட்டுனது."

"ஊரு சிவகாசியா?"

"வேல அங்கனதான்."

"அதான பாத்தேன். உங்காளுக ஆண்டவரு வந்தாலும் நெத்தியில லேபிள் ஒட்டித்தான் அனுப்புவீக." அக்காவைப் பார்த்தார். "என்னக்கா இருக்கு அதுல?"

அக்கா சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. குனிந்தார். அப்போதும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், "அக்கா பாடுனது. வேற காப்பி இல்ல."

"இதுக்கா இம்புட்டுக் கவல? அக்கா இன்னொரு தடவ பாடிட்டாப் போச்சு. போனுலயே பதிஞ்சிரலாமே" என்றார், ஸ்குருவைக் கழற்றிக்கொண்டே.

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். எங்கள் அச்சாபீசில் அடித்ததுதான். பக்கத்தில் அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல். அப்புறம் விசிலை எடுத்து, மெதுவாக ஒரு ஊது ஊதி, கழுத்தைக் காட்டினாள். மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அதற்குப் பிறகு கேலி பேசாமல் வேலையைப் பார்த்தார்.

டிரைவ் ஒரு சின்னத் தகரப் பெட்டி. அதன் மூடியைக் கழற்றினார். பூச்சட்டி ஸ்டிக்கர் ஓரத்தில் சுருண்டு, உருளையோடு ஒட்டிக் கிடந்தது. இடுக்கியால் பிடித்து மயிரிழை மயிரிழையாகப் பிரித்தார். பிரித்த ஸ்டிக்கரின் பின்பக்கத்தில் வெள்ளி நிறமாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"சிடியில பாட்டு இருக்கது அடிப்பக்கம்னு எல்லாரும் நெனைக்காக அண்ணாச்சி" என்றார் மெதுவாக. "இல்ல. மேல்பக்கத்துல, இந்த வெள்ளிப் பூச்சுலதான் இருக்கு. பசை அதச் சேத்துப் பிச்சுக்கிட்டு வந்திருச்சு."

சிடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உள்வட்டத்தைத் தாண்டி வெளி ஓரம் வரைக்கும் திட்டுத் திட்டாக வெள்ளி போய், அந்தப் பக்கம் தெருவே தெரிந்தது. ஒரு சைக்கிள் போனதைக்கூடப் பார்த்தேன். மழைக்கே விடாத பசை என்று நான் பெருமையாக நினைத்த அதே பசை.

"உள்வட்டம் நல்லாருக்கு. பாட்டு உள்ளருந்துதான் ஆரம்பிக்கும். வர்றவரைக்கும் வரட்டும்" என்று மிச்ச ஸ்டிக்கரைத் தொடாமல் ஓரத்தை மட்டும் நறுக்கிவிட்டு, தட்டு வெளியே வருகிற இன்னொரு டிரைவில் வைத்தார்.

முதலில் பாட்டு வரவில்லை. வெறும் கட்டடத்தின் அமைதி, எங்கோ பையன்கள் கத்துகிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல், கணீரென்று, மைக்கிலிருந்து கொஞ்சம் விலகி:

"ஏலே, அங்கன யாருலே சன்னலுக்கிட்ட? கொஞ்ச நேரம் சத்தம் காட்டாம இருங்க. முடிச்சுட்டு வந்து ஆளுக்குக் கொஞ்சம் சேவு தாரேன்."

பதிவு செய்தவர் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார். அக்கா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பாட்டு வந்தது. அக்காவின் குரல் பெரிய குரல் இல்லை. மேலே போகும்போது கொஞ்சம் திணறும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, முழுசாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். நான் எங்கெங்கோ அலைந்த நாட்களில் இவள் இப்படிப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பாட்டு முழுசாக வந்தது. மூன்றாவது பாட்டின் முதல் வரியில், ஒரு சொல்லின் பாதியில், டிக் டிக் டிக் என்று நின்றுவிட்டது. மெக்கானிக் துடைத்துப் பார்த்தார், வேறு டிரைவில் போட்டுப் பார்த்தார். நான் வெளியே போய்ச் சந்தின் முனையில் நின்றேன். அங்கிருந்தும் டிக் டிக் கேட்டது.

திரும்பி வந்தபோது, வந்த வரைக்கும் பென்டிரைவில் ஏற்றியிருந்தார். அக்கா மறுபடி போடச் சொல்லி விரலைக் காட்டினாள். பாட்டு ஆரம்பித்ததும் நிறுத்தச் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து. "ஏலே, அங்கன யாருலே." மறுபடி நிறுத்தச் சொன்னாள். அவளுக்குப் பாட்டு வேண்டியிருக்கவில்லை. அந்த அதட்டலைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பஸ்ஸில் சூலக்கரை தாண்டிய பிறகு நான், "மூணாவது பாட்டுக்கு அப்புறம் என்னென்ன பாட்டுக்கா?" என்று கேட்டேன்.

"மறந்துபோச்சுலே" என்றாள். அவள் மறக்கிற ஆள் இல்லை. என்னைத் தப்பவிடுவதற்காகச் சொன்னாள். அது தெரிந்ததால் மிச்ச வழி முழுக்க நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

லேப்டாப்பில் இப்போது டிரைவ் இல்லை, மெக்கானிக் கழற்றியதோடு சரி. திறந்தால் சத்தம் வருவதில்லை. வெறும் கீறல் மட்டும் இருக்கிறது. எறும்பு போகுது, எதையாவது ஒட்டுங்க மாமா என்று அக்கா மகள் சொன்னாள். நான் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு, அக்காவே உப்பு டப்பாவுக்குப் பின்னால் இருந்த பூச்சட்டி ஸ்டிக்கரில் ஒரு துண்டு வெட்டி, கீறலின் மேல் ஒட்டி, என்னைப் பார்த்துக்கொண்டே விரலால் நன்றாகத் தேய்த்தாள்.

அந்த அதட்டலை மட்டும் அக்கா மகள் வெட்டியெடுத்து அக்காவின் போனில் போட்டுக்கொடுத்தாள். அக்கா அதை வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டாள். பிள்ளைகள் கத்தினால் விசில் இல்லை, போன்தான். "ஏலே, அங்கன யாருலே." மூன்றாம் வகுப்பு முழுக்கக் கப்சிப் ஆகிவிடுமாம். டீச்சருக்குள்ளே இப்படி ஒரு டீச்சர் இருந்தாளா என்று அவர்களுக்கு ஆச்சரியம். ஆனால் குரல் அதோடு நிற்பதில்லை, சேவு தாரேன் என்று முடிகிறது. அதை வெட்டிவிடலாம் என்று அக்கா மகள் சொன்னதற்கு அக்கா சம்மதிக்கவில்லை. வெட்டினது போதும் என்றுவிட்டாள். முதல் வாரமே ஒரு பொடியன் எழுந்து, "டீச்சர், தாரேன்னீக, சேவு எங்க?" என்று கேட்டிருக்கிறான்.

அதனால் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் வேலை விட்டு வரும்போது, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சேவு போடுகிற கடையில் நிற்கிறேன். திங்கட்கிழமை வகுப்பு முழுக்கப் போதுமான பெரிய பொட்டலம். கடைக்காரர், "என்னண்ணாச்சி, வாராவாரம் விசேஷமா?" என்கிறார். ஆமா என்கிறேன். சூரத்துக்குக் கூப்பிட்டவன் மறுபடியும் போன் செய்தான். வர முடியாது, வெள்ளிக்கிழமை வேலை இருக்கிறது என்றேன். கடையில் சேவு பொரிகிற சத்தத்துக்கு நடுவில், அந்த மூன்றாவது பாட்டின் பாதிச் சொல் எனக்கு வந்துவிடும். மிச்சப் பாதி என்னவென்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்கலாம், சொல்லிவிடுவாள். இதுவரை கேட்கவில்லை.